கல்லமேட்டுப் பேருடலும் மாட்லியின் பெயரும்

திண்டு போன்ற ஒரு பெருங்கல்லைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர் திண்டுக்கல். அக்கல்லின்மேல் கோட்டை கட்டிய மன்னரைப் பற்றியும், அக்கோட்டைக்காக நிகழ்ந்த போர்களைப் பற்றியும் நம்மிற் பலர் இளமை தொட்டே கேட்டிருக்கிறோம். ஆயினும், அக்கல்லுக்கே ஒரு வரலாறு உண்டென நினைப்பார் மிகச் சிலர். மன்னர் வரலாறு நூற்றாண்டுகளால் அளக்கப்படுவது. கல்லின் வரலாறு கோடியாண்டுகளால் அளக்கப்படுவது. அந்நெடிய வரலாற்றின் ஓர் ஏட்டை நம் தமிழ்நாட்டிலேயே புரட்டிப் படித்தவர் மாட்லி என்னும் ஆங்கில அறிஞர். அவருடைய உழைப்பு அறிஞர் அவையில் எங்ஙனம் நிலைத்தது, அவர் பெயரைத் தாங்கிய ஒரு மாவிலங்கு பொதுமக்கள் உள்ளத்தில் எங்ஙனம் குடிபுகுந்தது, இவ்விரண்டிற்கும் இடையே நாம் இழந்தது யாது என்பவற்றை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திண்டுக்கல் மலையும், சிறுமலையும், அவற்றைச் சூழ்ந்த சமவெளியின் அடித்தளமும், புவியின் ஆழத்தில் பெருவெப்பத்தாலும் பேரழுத்தத்தாலும் உருமாறி இறுகிய பாறைகளாலாயவை. எலும்புடைய விலங்குகள் நிலத்தின்மீது நடமாடத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்னரே அப்பாறைகள் உருக்கொண்டுவிட்டன. ஆதலின், அவற்றை எத்துணை ஆழம் தோண்டினும் ஓர் எலும்பையேனும் ஒரு சிப்பியையேனும் காண இயலாது. வேடசந்தூர்ப் பக்கத்துக் கரிக்காலியில் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கின்றனர். அதுவும் வெந்து பளிங்குத்தன்மை எய்திய கல்லேயாதலின், உயிர்களின் சுவடு அதனிடத்தும் இல்லை.

ஆனால், திண்டுக்கல்லிலிருந்து சென்னை செல்லும் இருப்புப்பாதையில் திருச்சிராப்பள்ளியைக் கடந்து சென்றால் அரியலூர் வருகிறது. அங்கும் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுகிறது. அதனைக் கொண்டு சிமெண்டு செய்கின்றனர். அக்கல்லோ சிப்பியும் சங்கும் செறிந்தது. கிரிடேசியஸ் எனப் புவிநூலார் கூறும் காலத்தில் கடல் அப்பகுதியை மூடியிருந்தமையே அதற்குக் காரணம். அக்காலம் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகட்கு முன்னர் முடிவுற்றது. நாம் புகைவண்டியின் சாளரத்தருகே அமர்ந்து சில நாழிகையிற் கடந்துவிடும் அத்தொலைவு, கல்லின் கணக்கிலே ஓர் உலகத்தினின்று மற்றோர் உலகத்திற்குச் செல்லும் தொலைவாகும்.

இனி, டைனோசார் என்னும் பெயரைப் பற்றிச் சிறிது கூறுவோம். இங்கிலாந்து தேசத்து ரிச்சர்டு ஓவன் என்பார் 1842-இல் இப்பெயரைப் படைத்தார். கிரேக்க மொழியில் அச்சந்தரும் பல்லி என்பது இதன் பொருள். பெயர் பிறந்து பன்னிரண்டாண்டுகள் கழியுமுன்னரே, 1854-இல், இலண்டன் மாநகரின் பளிங்கு மாளிகைத் தோட்டத்தில் இவ்விலங்குகளின் உருவங்களைச் சிற்பி வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் அமைத்துவைத்தார். மக்கள் திரள் திரளாகச் சென்று கண்டனர். எனவே, டைனோசாரைப் பற்றிய அறிவும் டைனோசாரைப் பற்றிய வேடிக்கையும் ஏறக்குறைய உடன்பிறந்தவை என்றே சொல்லவேண்டும்.

அச்சிற்பங்களுள் இகுவானோடான் என்பதன் மூக்கின்மேல் ஒரு கொம்பு வைக்கப்பட்டிருந்தது. பின்னர், 1878-இல் பெல்ஜியம் நாட்டின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் அவ்விலங்கின் முழு எலும்புக்கூடுகள் பல கிடைத்தன. அப்பொழுதுதான் அது மூக்குக் கொம்பன்று, கைப்பெருவிரலின் முள் என்பது தெளிவாயிற்று. ஓவனைப் போன்ற பேரறிஞரும் பிழைபட்டனர். எலும்புகளோ பிழையைத் திருத்தின. இந்நிகழ்ச்சியைப் படிப்போர் மனத்திற்கொள்ளுமாறு வேண்டுகிறோம். கட்டுரையின் பிற்பகுதிக்கு இதுவே திறவுகோலாகும்.

நம் நாட்டில் டைனோசார் எலும்பு முதன்முதல் கிடைத்தது 1828-இல். தக்கர்களை ஒடுக்கியமையாற் பின்னர்ப் பெயர்பெற்ற ஸ்லீமன் என்னும் படைத்தலைவர், நருமதை நதிக்கரையிலுள்ள ஜபல்பூரில் கல்லாகிய சில முதுகெலும்புகளைக் கண்டெடுத்தார். அவை யாருடைய எலும்பு என்பதை அறிவாரின்றி ஏறக்குறைய ஐம்பதாண்டுகள் கழிந்தன. 1877-இல் லைடெக்கர் என்பார் அவற்றை ஆராய்ந்து, டைட்டனோசாரஸ் இண்டிகஸ் எனப் பெயரிட்டார். அம்முதுகெலும்புகள் பிற்காலத்தில் எங்கோ தவறிப்போயின என்றே அறிஞர் நெடுநாள் எண்ணியிருந்தனர். அவற்றுள் ஒன்று கல்கத்தாவில் இந்தியப் புவியாய்வுத் துறையின் சேமிப்பிலேயே இருப்பது 2012-இல் கண்டறியப்பட்டது. காணாமற்போனது மீண்டும் கிடைத்ததேயன்றி அழிந்துபோகவில்லை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

சார்லஸ் ஆல்பிரட் மாட்லி 1866-இல் பிறந்தவர். இவர் 1917 முதல் 1919 வரை ஜபல்பூரின் பாரா சிம்லா குன்றில் அகழ்வு நிகழ்த்தினார். துர்காசங்கர் பட்டாச்சார்ஜி என்னும் இந்தியப் புவியாய்வுத் துறை அன்பரும் அவருடன் உழைத்தார். ஒன்றிரண்டு முள்ளெலும்புகளையே கண்டிருந்த இந்திய ஆராய்ச்சிக்கு, அவ்வொரு குன்றினின்றும் பலவகை விலங்குகளின் எலும்புகள் குவிந்தன. 1932-இல் மாட்லி மறுபடியும் ஜபல்பூர் வந்து தோண்டினார். ஜெர்மனி தேசத்துப் பிரெட்ரிக் வான் ஹூனே என்னும் பேரறிஞரும் மாட்லியும் சேர்ந்து 1933-இல் ஒரு பெருநூலை வெளியிட்டனர். இந்தோசூக்கஸ், இந்தோசாரஸ் முதலிய பெயர்கள் அந்நூலின் வாயிலாகவே உலகறியலாயின. மத்திய இந்தியாவில் இத்தனைவகை டைனோசார்கள் வாழ்ந்தன என்பதை ஐயமற நிறுவியது அந்நூலேயாகும்.

மாட்லி பிழைபடாதவர் என்று நாம் கூறவில்லை. பாரா சிம்லாவிற் கிடைத்த சில எலும்புகளையும் தோற்கேடயங்களையும் ஒன்றாகச் சேர்த்து, கவசம் பூண்ட ஒரு தாவர உண்ணியென மதித்து, அதற்கு லமேட்டாசாரஸ் என அவர் பெயரிட்டிருந்தார். சக்கரவர்த்தி என்னும் இந்திய அறிஞர் 1935-இல், அது கவச விலங்குதானா என்று அச்சிலேயே வினா எழுப்பினார். அதன் எலும்புகள் ஒரே விலங்கினுடையவையல்ல, பல விலங்குகளுடையவை கலந்தவை என்பதே பின்னர் வந்தோர் முடிபு. ஆசிரியனின் சொல்லை ஆதாரங்கொண்டு வினவுதல் ஆசிரியனுக்கு இழுக்கன்று. அவன் நிறுவிய துறை உயிரோடிருக்கிறது என்பதற்கு அதுவே சான்றாகும்.

ஓர் அறிஞரின் செல்வாக்கை அளக்கும் கோல் யாது? தொல்லுயிர்நூலார்க்கு அழகிய ஒரு மரபு உண்டு. புதிதாகக் கண்ட உயிர்க்குப் பெயரிடுங்கால், தமக்கு முன் அத்துறையில் உழைத்தார் பெயரை அதன் பின்பெயராகச் சூட்டுவர். தாஸ் குப்தா 1930-இல் ஒரு பல்லைக்கொண்டு பெயரிட்ட ஆர்த்தோகோனியோசாரஸ், 1933-ஆம் ஆண்டு நூலில் வந்த இந்தோசாரஸ், பின்னர் அரியலூர்ப் பக்கத்தில் கண்ட ஒரு பேருடல் விலங்கு ஆகிய மூன்றும் மாட்லியை என்னும் பின்பெயரைத் தாங்கி நிற்கின்றன. நடுகல்லிற் பெயர் பொறித்த நம் முன்னோர்க்கு இம்மரபு அயலானதாகத் தோன்றியிராது.

நிற்க, மூன்றாவது விலங்கின் ஊருக்கு வருவோம். ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு என்பார் 1862-இல் தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் பாறைகளை ஆராய்ந்து எழுதினார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என அவர் வகுத்த மூன்று அடுக்குகளும் இன்றளவும் அப்பெயர்களாலேயே வழங்குகின்றன. நம் நாட்டுச் சிற்றூரொன்றின் பெயர் அனைத்துலகப் புவிநூலார் வாயில் வழங்குவது நமக்குப் பெருமையே. அவ்வடுக்குகளிற் கிடைத்த கடலுயிர்களை ஸ்டோலிச்கா என்பவர் 1863 முதல் 1873 வரை பெருந்தொகுதிகளாக விவரித்தார். மாட்லி அப்பகுதியின் டைனோசார்களையும் அவற்றோடியைந்த பாறைகளையும் பற்றி 1929-இல் இந்தியப் புவியாய்வுத் துறையின் ஏட்டில் ஒரு கட்டுரை வரைந்தார். சிப்பிக்கும் சங்குக்கும் புகழ்பெற்றிருந்த நிலம், அக்கட்டுரையால் டைனோசார் நிலமாகவும் எண்ணப்படலாயிற்று.

கடலடிப் பாறையில் நிலவிலங்கின் எலும்பு எப்படி வந்தது என்று வினவலாம். அரியலூர் அடுக்கின் மேற்பகுதியிலே கல்லமேடு என்னும் ஊரின் பெயரால் வழங்கும் ஒரு படிவம் உளது. அது கடல் பின்வாங்கியபின் ஆறுகள் கொணர்ந்து குவித்த மணலும் களியுமாகும். ஆற்றங்கரையில் மேய்ந்த விலங்குகள் இறந்தபின், வெள்ளம் அவற்றின் எலும்புகளை ஈர்த்து மணலிற் புதைத்தது. மண்ணில் ஊறிய நீர் கொணர்ந்த கனிப்பொருள் எலும்பின் நுண்டுளைகளில் தங்கி அதனைக் கல்லாக்கியது. இதுவே கற்படிவம் ஆகும் முறை.

இப்பகுதியில் மாட்லிக்குப்பின் வந்தவர்களுள் குறிப்பிடத்தக்கார் இந்தியப் புவியாய்வுத் துறையைச் சார்ந்த யாதகிரி, அய்யாசாமி என்னும் இருவர். அவர்கள் 1979-இல் ஒரு விலங்கிற்குத் திராவிடோசாரஸ் பிளான்போர்டி எனப் பெயர் வைத்தனர். முதுகில் தகடுகள் வரிசையாக நிற்கும் இனத்தைச் சார்ந்தது அது என்பது அவர்கள் கருத்து. உலகின் பிற பகுதிகளில் அவ்வினம் அதற்கு முன்னரே மறைந்துவிட்டதெனக் கருதப்பட்டமையின், இச்செய்தி அறிஞரை வியப்பில் ஆழ்த்தியது. ஆனால், 1996-இல் சங்கர் சாட்டர்ஜியும் உருத்ராவும் அவ்வெலும்புகள் டைனோசாருடையவையல்ல, கடலில் நீந்திய வேறோர் ஊர்வனவற்றினுடையவை என்று மறுத்தனர். தமிழ் மாணவராகிய நமக்குத் திராவிடம் என்னும் பெயர்மீது பற்று உண்டு. அப்பற்று எலும்பை மாற்றிவிடாது. பெயர் நம்முடையதாயினும் தீர்ப்பு சான்றினுடையதே.

அவ்விருவரே கல்லமேட்டு ஊரின் அருகே கண்டெடுத்த எலும்புகளை 1987-ஆம் ஆண்டினதாகிய கட்டுரையொன்றில் விவரித்து, பிருகத்காயோசாரஸ் மாட்லியை எனப் பெயரிட்டனர். பிருகத் என்னும் வடசொல் பெரியது எனவும், காயம் என்பது உடல் எனவும் பொருள்படும். பெருங்காய்ப்பல்லி என்று யாரேனும் நகைக்குமாறு மொழிபெயர்க்காமல், பேருடற்பல்லி என நாம் தமிழிற் கூறலாம். இடுப்பெலும்பின் பகுதிகள், தொடையெலும்பின் ஒரு பகுதி, கீழ்க்கால் எலும்பு, முன்கை எலும்பு, வாலின் ஒரு முள்ளெலும்பு ஆகியவை கிடைத்தன. கீழ்க்கால் எலும்பு ஒன்றே 2 மீட்டர் நீளம்! நம்மில் நெட்டையான ஒருவரை அதன் அருகே நிறுத்தினால் அவர் தலைக்குமேலும் அவ்வெலும்பு நிற்கும்.

யாதகிரியும் அய்யாசாமியும் முதலில் அதனை ஊனுண்ணும் டைனோசாராகக் கருதினர். பின்னர் வந்தோர் அது நீண்ட கழுத்தும் தூண் போன்ற கால்களும் உடைய தாவர உண்ணியே என்றனர். எலும்பே அன்று, கல்லாகிய மரத்துண்டாக இருக்கலாம் என்றும் சிலர் ஐயுற்றனர். கல்மரங்கள் அவ்வட்டாரத்தில் உண்டு என்பது உண்மையே. சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடக்கிறது. 1940-இல் அதனை அறிஞர் உலகிற்கு அறிவித்தவர், இந்தியப் புவியாய்வுத் துறைக்குத் தலைமை பூண்ட முதல் இந்தியராகப் பின்னர் விளங்கிய எம். எஸ். கிருஷ்ணன் என்னும் நம் நாட்டவர்.

ஊனுண்ணியா, தாவர உண்ணியா, மரமா என்னும் இவ்வழக்கைத் தீர்க்க வழி யாது? இகுவானோடானின் கொம்பையும் லமேட்டாசாரஸின் கவசத்தையும் தீர்த்த அதே வழிதான். எலும்பை எடுத்து மீண்டும் பார்ப்பதே. ஈண்டோ அது கைகூடவில்லை. கல்லமேட்டு எலும்புகள் இப்பொழுது உலகில் இல்லை! அவற்றைப் பொதிந்திருந்த கட்டுகளுக்குள்ளேயே அவை பொடியத் தொடங்கி அழிந்தொழிந்தன என்பது 2017-இல் வெளிவந்த ஒரு கட்டுரையால் தெரியவந்தது.

கோடியாண்டுகள் நிலைத்த பொருள் சில நாட்களில் எவ்வாறு அழியும் என்று படிப்போர் மலைக்கக்கூடும். அதனைச் சிறிது விளக்குவோம். களிமண் நீரை உண்டு பருப்பதும், வெயிலில் உலர்ந்து சுருங்கிப் பிளப்பதும் நம் கண்மாய்க்கரையில் யாவரும் கண்டதே. களியினுள் ஆழப் புதைந்திருக்கும் வரையில் எலும்புக்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை. மேல்மண் அரிக்கப்பட்டு அது வெளிப்பட்டவுடன், கோடையும் மழையும் மாறி மாறி அதனைத் தாக்குகின்றன. எலும்பின் நுண்ணிய வெடிப்புகளுட் புகுந்த களி பருக்குந்தோறும் வெடிப்பு அகலும். வடகிழக்குப் பருவமழை ஒன்றே போதும், நெடுங்கால உறுதி குலைவதற்கு. இதனைத் தடுக்கவே அகழ்வோர், எலும்பைச் சுற்றித் தோண்டி, அதன்மேல் ஈரத்தாள் பொதிந்து, சாக்குத் துணியைப் பாரிஸ் சாந்தில் தோய்த்துச் சுற்றுவர். கால் முறிந்தார்க்கு மருத்துவர் இடும் மாவுக்கட்டினைப் போன்றதே அது. உள்ளிருக்கும் எலும்பு பசையேற்றி உறுதிப்படுத்தப்படாது நொய்ந்திருப்பின், மாவுக்கட்டும் பயன்படாது. கட்டு முழுமையாக நிற்கும், எலும்பு உள்ளே மாவாகிவிடும்.

எனவே, எஞ்சியிருப்பவை எழுத்தும், வரைபடமும், ஒளிப்படமுமே. 2022-இல் சௌரப் பால் என்பாரும் அய்யாசாமியும் சேர்ந்து, காவிரிப் படுகையின் இழந்த பேருயிர் என்னும் பொருள்படத் தலைப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். அகழ்விடத்தில் எடுக்கப்பட்ட பழைய ஒளிப்படங்கள் அதில் இடம்பெற்றன; அவை எலும்பே என்பதற்கு வலுவூட்டின. 2023-இல் கிரிகரி பால், லாரமெண்டி என்னும் இருவர் அவ்விலங்கின் எடை 110 டன்னுக்கும் மேற்பட்டதாக இருந்திருக்கலாமெனக் கணக்கிட்டு, மிகப்பெரிய திமிங்கிலங்களோடு அதனை ஒப்பிட்டனர். 5 டன் எடையுள்ள யானைகள் இருபத்திரண்டைத் தராசின் ஒரு தட்டில் ஏற்றினாலே அதற்கு ஈடாகும்.

ஓர் எலும்பைக் கொண்டு எடை காண்பது எப்படி? நாமே ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். தென்னமெரிக்காவின் அர்ஜென்டினோசாரஸ் என்பதன் கீழ்க்கால் எலும்பு ஏறக்குறைய 1.55 மீட்டர். அவ்விலங்கின் எடையை 70 டன் என்று வைத்துக்கொள்வோம். இரு விலங்குகளும் ஒரே வடிவினவாயின், நீளம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, எடை அம்மடங்கின் கனமாகக் கூடும். ஏனெனில் உடல் நீளத்தில் மட்டுமன்றி அகலத்திலும் உயரத்திலும் வளர்கிறது. 2 மீட்டரை 1.55 மீட்டரால் வகுத்தால் வருவது 1.29, அதன் கனம் ஏறக்குறைய 2.15, எனவே எடை 150 டன். கல்லமேட்டு எலும்பு 2 மீட்டர் அன்று, 1.8 மீட்டர்தான் என்று கொண்டால் எடை 110 டன்னாகக் குறைந்துவிடும். அளவில் ஒரு சாண் வேறுபட்டால் எடையில் எட்டு யானைகள் கூடுகின்றன அல்லது குறைகின்றன. மறுபடியும் அளந்து பார்க்க எலும்பு இல்லாதவிடத்து, அவ்வெட்டு யானைகளும் இருக்கின்றனவா இல்லையா என்பதை யார் சொல்லவல்லார்?

இனி, பொதுமக்கள் உள்ளத்தில் இவ்விலங்குகள் பெற்ற இடத்தைக் காண்போம். அமெரிக்க ஐக்கிய நாட்டு ஜாக் ஹார்னர் என்னும் அறிஞர், தன் குஞ்சுகளைப் பேணிய டைனோசார் ஒன்றினை 1979-இல் மேயசாரா, அதாவது நல்ல தாய்ப்பல்லி, எனப் பெயரிட்டு அறிவித்தார். 1993-இல் வெளிவந்த ஜுராசிக் பார்க் என்னும் திரைப்படத்திற்கு அறிவுரையாளராக இருந்தவரும் அவரே. அப்படம் வந்தபின், டைனோசாரை அறியாத சிறுவர் எந்த நாட்டிலும் இல்லை எனலாம். திண்டுக்கல்லிலும் பொம்மைக் கடைகளில் ரப்பர் டைனோசார் தொங்குகிறது. பொருட்காட்சித் திடல்களில் அது வாய் திறந்து உறுமுகிறது. நம் சிறுவர் அதனைப் பிறநாட்டு விலங்கென்றே எண்ணுகின்றனர். அது மேய்ந்த ஆற்றங்கரையொன்று அரியலூர்ப் பக்கத்திலும் இருந்தது என்பதை அவர்கட்குச் சொல்வார் அரியர்.

மாட்லி திறந்த வழியிலே பிற்காலத்தார் சென்றமையால், இந்திய டைனோசார்களும் மக்களிடையே வரத் தொடங்கியுள்ளன. குஜராத்து மாநிலத்து ராயோலியிற் கிடைத்த எலும்புகளைக்கொண்டு 2003-இல் ராஜாசாரஸ் நர்மதென்சிஸ் என்னும் ஊனுண்ணி விவரிக்கப்பட்டது. இந்தோசாரஸ், இந்தோசூக்கஸ் என்பவற்றோடு அதனை ஒப்பிட்டே அறிஞர் அதன் இடத்தை வரையறுத்தனர். மராட்டிய மாநிலத்தில் ஒரு கேளிக்கைப் பூங்கா, ராஜாசாரஸின் பெயரால் ஒரு படகு விளையாட்டையே நடத்துகிறது. ராயோலியிலோ, 2019-இல் டைனோசார் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்குச் செல்வோர் முட்டைகளின் கற்படிவங்களை நேரிற் காணலாம். விளையாட்டிலே கண்டு வியந்த சிறுவன், மெய்யாவது யாது என்று அறிய விரும்பினால் அவன் செல்வதற்கு ஓரிடம் உண்டு.

கல்லமேட்டுப் பேருடலின் கதை வேறு. உலகிற் பெரிய டைனோசார் எது என்னும் கேள்வி எழும்போதெல்லாம் இணையத்தில் அதன் பெயர் வருகிறது. பட்டியல்களிலும் படங்களிலும் அது மற்ற விலங்குகளின் தலைக்குமேல் நிற்கிறது. எடை ஒருவர் வாயில் ஒன்றாகவும் மற்றொருவர் வாயில் வேறொன்றாகவும் வளர்கிறது. தொட்டுப் பார்க்க எலும்பு இன்மையால், புகழ்வோர்க்கும் தடையில்லை, மறுப்போர்க்கும் தடையில்லை.

சான்றில்லாத இடத்தில் கதை எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2020-இல் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் ஓர் ஏரியில் மண் எடுத்தபோது உருண்டையான பெருங்கற்கள் வெளிப்பட்டன. டைனோசார் முட்டைகள் என்ற செய்தி நாடெங்கும் பரந்தது. புவிநூலார் சென்று பார்த்து, அவை முட்டைகளல்ல, அமோனைட்டு என்னும் கடலுயிரைச் சுற்றி மண் படிந்து இறுகிய கற்கள் என்றனர். அமோனைட்டு என்பது கணவாய்க்கு உறவான, சுருண்ட ஓடுடைய உயிர்; கண்டகி நதியிலிருந்து வரும் சாளக்கிராமத்தினுள் காண்பதும் அதன் சுருளே. இதற்கு நேர்மாறாக, மத்தியப் பிரதேசத்துப் பாட்லியா என்னும் ஊரில் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் நிலங்காக்கும் தெய்வமாகப் பேணிவந்த உருண்டைக் கற்கள், டைனோசார் முட்டைகளே என்று 2023-இல் அறிஞர் கூறினர். முட்டையெனக் கூவிய இடத்தில் முட்டையில்லை. கல்லெனப் போற்றிய இடத்தில் முட்டையிருந்தது! குன்னத்துக் கற்களும் பாட்லியாக் கற்களும் கையில் இருந்தமையாலன்றோ உண்மை வெளிப்பட்டது?

கல்லமேடு முற்றும் வறண்டுவிடவில்லை. 2013-இல் அஞ்சலி கோசுவாமி, பிரசாத் முதலியோர் அப்படிவத்திலிருந்து கிடைத்த ஒரு சிறு பல்லை ஆராய்ந்து, அது ட்ரூடாண்டிட் என்னும் சிறிய டைனோசார் இனத்தது என அறிவித்தனர். அவ்வினம் வடபுலக் கண்டங்களுக்கே உரியது என்று அதுகாறும் கருதப்பட்டது. 2 மீட்டர் எலும்பு அழிந்த ஊரில், ஒரு சிறு பல் கண்டங்களின் உறவைப் பற்றிய கருத்தையே மாற்றியது. பெரிது சிறிது என்பதன்று, இருப்பது இல்லாதது என்பதே ஆராய்ச்சியிற் கருதத்தக்கது.

அரியலூரையடுத்த வாரணவாசியில் தமிழ்நாட்டரசு தொல்லுயிர் அருங்காட்சியகம் ஒன்றை அமைத்திருக்கிறது. சாத்தனூர்க் கல்மரம் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகக் காக்கப்படுகிறது. இவை நற்செய்திகள். ஆயினும், காரையின் ஓடைகளிலும் சுண்ணாம்புக்கல் வெட்டுமிடங்களிலும் ஒவ்வொரு மழைக்குப்பின்னும் ஏதேனும் ஒன்று வெளிப்பட்டவண்ணமே இருக்கும். அதனை முதலிற் காண்பவர் பேராசிரியராக இருக்கமாட்டார். ஆடு மேய்ப்பவரோ, கல் உடைப்பவரோ, விடுமுறைக்கு ஊர் வந்த மாணவரோ ஆகத்தான் இருப்பர். கண்டதைப் பிடுங்காமல், இடத்தைக் குறித்து, ஒளிப்படம் எடுத்து, அருங்காட்சியகத்தார்க்கோ புவியாய்வுத் துறையினர்க்கோ அறிவித்தால் அதுவே பெருந்தொண்டு. வீட்டுக்கு எடுத்துச் சென்று மாடத்தில் வைத்த கல், இடம் அறியாமையால் பாதி ஊமையாகிவிடும்.

தமிழ் பயிலும் நமக்கு இதில் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். செல்லரித்த ஏடுகளைத் தேடியெடுத்து அச்சேற்றிய உ. வே. சாமிநாதையரவர்களின் உழைப்பை நாம் நன்றியோடு படிக்கிறோம். கையில் எட்டாமல் அழிந்த நூல்களின் பெயர்களை மட்டும் உரைகளிற் கண்டு ஏங்குகிறோம். பெயர் மட்டும் எஞ்சிய நூலுக்கும், பெயர் மட்டும் எஞ்சிய கல்லமேட்டுப் பேருடலுக்கும் வேறுபாடு பெரிதன்று. இரண்டும் நம் மண்ணின் ஏடுகளே. ஒன்றைச் செல் அரித்தது, மற்றொன்றை மழை கரைத்தது.

மாட்லி 1947-இல் மறைந்தார். தம் பெயரைத் தாங்கப்போகும் பேருடல் ஒன்று தாம் ஆராய்ந்த மாவட்டத்திலேயே கிடைக்கும் என்பதை அவர் அறியார். அவர் செல்வாக்கு பிழையற்ற முடிபுகளால் நின்றதன்று. பிறர் மீண்டும் பார்த்து, மறுத்து, திருத்தத்தக்க எலும்புகளையும் எழுத்துக்களையும் விட்டுச் சென்றமையாலேயே நின்றது. அடுத்த பேரெலும்பு அரியலூர்க் களியினின்று எந்த மழையில் தலைகாட்டுமோ தெரியாது. அதனைக் காணும் கண்ணும், காக்கும் கையும் நம் கல்லூரிகளிலிருந்து செல்வனவாக இருத்தல் வேண்டும் என்பதே நம் விழைவு.